விழப்போகும் பல்லுக்கு வைத்தியம் எதற்கு? மோசமாகச் சிதைந்த பால்பற்களைச் சீரமைப்பது குறித்து

"பால்பல்தானே, எப்படியும் விழுந்து முளைத்துவிடும்" என்ற நம்பிக்கையால் எத்தனையோ குழந்தைகளின் சொத்தைப் பற்கள் சிகிச்சை இல்லாமலேயே விடப்படுகின்றன. பால்பல் விழும் என்பது உண்மை. எப்போது விழும் என்பதைத்தான் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. கீழ்வரிசையின் நடுப்பற்கள் 6 அல்லது 7 வயதில் விழுந்துவிடுகின்றன. ஆனால் வாயின் பின்பகுதியில் இருக்கும் இரண்டாம் பால்கடைவாய்ப்பல் 10 முதல் 12 வயது வரை இருந்தாக வேண்டும். 3 வயதுக் குழந்தைக்கு அந்தப் பல்லில் ஆழமான சொத்தை விழுந்தால், இன்னும் ஏழெட்டு ஆண்டுகள் அது வலியில்லாமல், சீழ் வைக்காமல் உழைத்தாக வேண்டும். பால்பல் சிகிச்சையில் எடுக்கப்படும் முடிவுகள் பெரும்பாலும் இந்த மிச்ச ஆண்டுகளின் கணக்கைச் சார்ந்தவை. ஒரே அளவு சொத்தைக்கு 3 வயதில் பல்லை மூடும் உறை போடுவதும், 9 வயதில் எதுவும் செய்யாமல் கண்காணிப்பதும், இரண்டுமே சரியான வைத்தியமாக இருக்க முடியும்.

20 பால்பற்களில் ஒன்றைக் காலத்துக்கு முன்பே இழந்தால் என்ன ஆகும் என்பது அது எந்தப் பல் என்பதைப் பொறுத்தது. சுமார் 6 வயதில், எந்தப் பல்லும் விழாமலேயே, பால்கடைவாய்ப்பற்களுக்குப் பின்னால் முதல் நிலைக் கடைவாய்ப்பல் (விழாமல் நிலைத்திருக்க வேண்டிய நிலைப்பற்களில் ஒன்று) முளைக்கிறது. அது தன் இடத்தில் வந்து நிற்க, முன்னால் இருக்கும் இரண்டாம் பால்கடைவாய்ப்பல்லின் பின்புறமே வழிகாட்டுகிறது. அந்தப் பால்பல்லை 4 அல்லது 5 வயதில் பிடுங்கிவிட்டு வெற்றிடத்தை அப்படியே விட்டால், வரப்போகும் நிலைப்பல் முன்பக்கமாகச் சாய்ந்து நகர்ந்துவிடும். பிறகு முளைக்க வேண்டிய முன்கடைவாய்ப்பல்லுக்கு இடம் இருக்காது. பிற்காலத்தில் பல்லுக்குக் கம்பி கட்டவேண்டிய சில நெருக்கடிகள் இப்படித்தான் தொடங்குகின்றன.

தொற்றின் பாதிப்பு இதைவிட நேரடியானது. நிலைப்பல்லின் மொட்டு பால்கடைவாய்ப்பல்லின் வேர்களுக்கு இடையில்தான் உருவாகிக்கொண்டிருக்கிறது. மேலே உள்ள பால்பல் நெடுநாள் சீழ் வைத்திருந்தால், அடியில் உருவாகும் பல்லின் கடினமான மேலுறையான எனாமல் குறைபட்டு, முளைக்கும்போதே மஞ்சள் அல்லது பழுப்புத் திட்டுகளோடும் பள்ளங்களோடும் வரக்கூடும். பல் மருத்துவர்கள் இதை டர்னர் பல் என்கிறார்கள்.

வலியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் சிறு குழந்தைகள் அதைச் சொல்வதில்லை. நாள்பட்ட பல்வலியோடு வளரும் குழந்தைக்கு வலியற்ற வாய் எப்படியிருக்கும் என்றே தெரியாது. முறுக்கையும் ஆப்பிளையும் ஒதுக்குவது, ஒரே பக்கமாக மெல்லுவது, சோற்றை வாயிலேயே அடக்கி வைத்திருப்பது, இரவில் அழுது விழிப்பது போன்றவற்றைப் பெற்றோர் அடம் என்றும் பழக்கம் என்றும் எடுத்துக்கொள்கிறார்கள். சிகிச்சை முடிந்த சில வாரங்களில் அதே குழந்தை இயல்பாகச் சாப்பிடத் தொடங்கும்போதுதான் பலருக்குக் காரணம் விளங்குகிறது.

பால்பல்லில் சொத்தை வேகமாகப் பரவுவதற்கு அதன் அமைப்பே காரணம். அதன் எனாமல் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் கனமே உடையது. நிலைப்பல்லின் எனாமலில் பாதி என்று சொல்லலாம். உள்ளே நரம்பும் இரத்தக் குழாய்களும் இருக்கும் பற்கூழ் பல்லின் அளவோடு ஒப்பிடும்போது பெரியது, மேற்பரப்புக்கு மிக அருகிலும் இருக்கிறது. பால்கடைவாய்ப்பற்கள் இரண்டும் ஒன்றையொன்று அகலமாகத் தொட்டு நிற்பதால் நடுவில் தொடங்கும் சொத்தை வெளியே தெரியாமலேயே வளர்கிறது. மேலே சிறு ஓட்டை தெரியும்போது உள்ளே பற்கூழ் வரை சென்றிருப்பது அரிதன்று.

மிகச் சிறு குழந்தைகளுக்கு வரும் சொத்தைக்கு ஒரு தனி வரிசை உண்டு. முதலில் மேல்வரிசை முன்பற்களின் ஈறை ஒட்டிச் சுண்ணாம்புக் கோடு போன்ற வெண்மை தோன்றும். அது பழுப்பாகி, குழியாகி, சில மாதங்களில் பல் ஈறுமட்டத்துக்கு உடைந்துபோகும். அடுத்து கடைவாய்ப்பற்கள் கெடும். கீழ் முன்பற்கள் மட்டும் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன; பாலைக் குடிக்கும்போது நாக்கு அவற்றை மறைத்துக்கொள்கிறது, நாக்கின் அடியில் சுரக்கும் உமிழ்நீரும் அவற்றைக் கழுவிக்கொண்டே இருக்கிறது. சர்க்கரை கலந்த பாலைப் பாட்டிலில் குடித்தபடியே தூங்கும் பழக்கம் இந்த வரிசையின் முக்கியமான காரணம். தூக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடுவதால், பாக்டீரியா உண்டாக்கும் அமிலத்தைச் சமன்செய்ய வாயில் எதுவும் இருப்பதில்லை. 3 வயதுக்குள் பல்லின் வழுவழுப்பான பரப்பில் எந்த அளவு சொத்தை தெரிந்தாலும் அதைத் தீவிர நிலை என்றே அமெரிக்கக் குழந்தைகள் பல் மருத்துவ அகாதமி வகைப்படுத்துகிறது. வெண்கோடு தெரியும் கட்டத்திலேயே வந்தால், ஓட்டையே விழாமல் நிறுத்திவிட முடியும்.

ஓட்டை விழுந்துவிட்ட பல்லைப் பார்க்கும் மருத்துவர் முதலில் அறிய முயல்வது, பற்கூழ் இன்னும் நலமாக இருக்கிறதா என்பதைத்தான். இனிப்போ குளிரோ பட்டால் மட்டும் கூசி உடனே அடங்குவது ஒரு நிலை. எதுவும் சாப்பிடாமலே, அதிலும் இரவில், தானாக எழும் வலி வேறு நிலை. பற்கூழ் மீள முடியாதபடி வீங்கிவிட்டது என்பதற்கு அது அடையாளம். ஈறில் பரு போன்ற சீழ்க்கட்டி இருந்தாலோ, விழும் வயதுக்கு முன்பே பல் ஆடினாலோ, பற்கூழ் செத்துவிட்டது என்று கொள்ளலாம். எக்ஸ்ரேயில் நிலைப்பல்லுக்கு வேர்நுனியைப் பார்ப்பது போல, பால்கடைவாய்ப்பல்லுக்கு வேர்கள் பிரியும் இடத்தைப் பார்க்க வேண்டும். அங்கே எலும்பு கரைந்து கருமை தெரிந்தால் தொற்று பல்லைக் கடந்துவிட்டது என்று பொருள். எக்ஸ்ரே இல்லாமல் ஆழமான சொத்தையை அடைத்து அனுப்புவது, என் பார்வையில், பெற்றோர் ஏற்றுக்கொள்ளக் கூடாத ஒன்று.

பற்கூழ் நலமாக இருக்கும் கடைவாய்ப்பல்லுக்கான வைத்தியம் கடந்த 20 ஆண்டுகளில் வெகுவாக மாறியிருக்கிறது. அதன் பின்னணியைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். மரத்துப்போக ஊசி போட்டு, சொத்தையை முழுவதும் குடைந்தெடுத்து, சிமெண்ட் வைத்து அடைப்பதே பழைய விதி. இரு பற்கள் தொடும் பக்கவாட்டுப் பரப்பில் வைத்த அடைப்புகள் பால்பற்களில் அடிக்கடி உடைந்தன, விழுந்தன. அதற்கு மாற்றாக, ஆயத்தமாகச் செய்யப்பட்ட எஃகு உறையைப் பல்லின்மேல் மாட்டும் முறையை 1950-இல் அமெரிக்காவின் டென்வரைச் சேர்ந்த ஹம்ஃப்ரி அறிமுகப்படுத்தினார். இன்று பெற்றோர் 'ஸ்டீல் கேப்' என்று சொல்வது இதைத்தான். பல் முழுவதையும் மூடிக்கொள்வதால் உடையாது, புதிய சொத்தையும் அந்தப் பல்லில் விழாது. ஆனால் அதைப் பொருத்தவும் ஊசி வேண்டும், பல்லைச் சுற்றிலும் ராவ வேண்டும்; 4 வயதுக் குழந்தை அதற்கு ஒத்துழைக்காது.

ஸ்காட்லாந்தில் பொதுப் பல் மருத்துவராக இருந்த நார்னா ஹால் 1980-களின் இறுதியிலிருந்து வேறொரு வழியைக் கையாண்டார். ஊசியும் போடாமல், டிரில்லையும் தொடாமல், சொத்தையைக்கூட எடுக்காமல், எஃகு உறைக்குள் சிமெண்டை நிரப்பிப் பல்லின்மேல் அழுத்தி மாட்டிவிட்டார். அவரே கவனமாக எழுதிவைத்திருந்த பதிவேடுகளில் 259 குழந்தைகளுக்குப் பொருத்திய 978 உறைகளின் விவரம் இருந்தது. டண்டீ பல்கலைக்கழகத்தின் நிக்கோலா இன்ஸ், டாவிட் எவன்ஸ் முதலியோர் அவரோடு சேர்ந்து அவற்றை ஆராய்ந்து 2006-இல் வெளியிட்டார்கள். சொத்தையை உள்ளேயே வைத்து மூடுவதா என்று பல் மருத்துவ உலகம் அதிர்ந்தது இயல்பே. எனவே ஸ்காட்லாந்தின் டேசைடு பகுதியில் 132 குழந்தைகளிடம் முறையான ஒப்பீட்டு ஆய்வு நடத்தப்பட்டது. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பல்லில் ஹால் முறை, இன்னொரு பல்லில் மருத்துவர் வழக்கமாக வைக்கும் அடைப்பு. 2011-இல் வெளியான ஐந்தாண்டு முடிவுகளில், வலியோ சீழோ வந்து சிகிச்சை தோற்ற பற்கள் ஹால் முறையில் சுமார் 3 சதவீதம், வழக்கமான அடைப்பில் சுமார் 16 சதவீதம்.

சொத்தையை மூடிவைத்தால் அது உள்ளே பரவாதா என்பது எல்லாப் பெற்றோரும் கேட்கும் நியாயமான கேள்வி. சொத்தை வளர்வதற்குப் பாக்டீரியாவுக்கு வாயிலிருந்து சர்க்கரை வந்துகொண்டே இருக்க வேண்டும். உறை இறுக மூடியதும் அந்த வரத்து நின்றுவிடுகிறது. பாக்டீரியாவின் எண்ணிக்கையும் தன்மையும் மாறி, சொத்தை முன்னேறுவது நிற்கிறது, பற்கூழுக்கும் தன் பக்கத்திலிருந்து புதிய டென்டினை, அதாவது எனாமலுக்கும் கூழுக்கும் நடுவில் உள்ள பல்திசுவை, சேர்த்துக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது. அதனால்தான் இந்த முறைக்கு நிபந்தனை கடுமையானது: தானாக எழும் வலி இருக்கக் கூடாது, சீழ் இருக்கக் கூடாது, எக்ஸ்ரேயில் சொத்தைக்கும் பற்கூழுக்கும் நடுவில் நல்ல டென்டின் தெளிவாகத் தெரிய வேண்டும். நிபந்தனையை விட்டுவிட்டு எல்லாச் சொத்தைக்கும் உறை மாட்டினால் அது தொற்றைப் பூட்டிவைப்பதாகவே முடியும்.

செய்முறை எளிது. பற்களுக்கு நடுவில் இடம் இல்லையென்றால் சிறு ரப்பர் வளையங்களைச் சில நாட்கள் முன்பே செருகி வைக்கிறார்கள். குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்து, உறை தொண்டைக்குள் நழுவாமல் காத்து, கிளாஸ் அயனோமர் சிமெண்டோடு பல்லின்மேல் வைத்து, குழந்தையையே கடிக்கச் சொல்கிறார்கள். உறையின் உயரத்தால் முதல் சில நாட்கள் மற்ற பற்கள் ஒன்றையொன்று தொடாது. சில வாரங்களில் கடி தானாகச் சமனாகிவிடும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் பெற்றோர் பதறிப்போவார்கள். பல் விழும் நாளில் உறையும் அதனோடு விழுந்துவிடும், தனியாகக் கழற்ற வேண்டியதில்லை.

பற்கூழின் மேல்பகுதி மட்டும் கெட்டு, வேர்களுக்குள் இருக்கும் பகுதி உயிரோடு இருந்தால், மேல்பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, மிச்சத்தின்மேல் மருந்து வைத்து, உறையால் மூடுகிறார்கள். இதைப் பலர் 'ரூட் கெனால்' என்றே சொல்கிறார்கள், ஆனால் இது வேர்ச்சிகிச்சை அன்று, பாதிக் கூழை மட்டும் எடுக்கும் சிகிச்சை. வெட்டிய இடத்தில் இரத்தம் சில நிமிடங்களில் நின்றால் மிச்சக் கூழ் நலமாக இருக்கிறது என்று பொருள். கருஞ்சிவப்பாக வழிந்துகொண்டே இருந்தால் சேதம் வேர் வரை இறங்கிவிட்டது. பல தலைமுறைகளாக அங்கே வைக்கப்பட்ட மருந்து ஃபார்மோகிரெசால். அதிலுள்ள ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் அறிவித்த பிறகு, மாற்று மருந்துகளை நோக்கிய நகர்வு வேகம்பெற்றது. இன்று நல்ல முடிவு தருவது எம்.டி.ஏ. எனப்படும் கால்சியம் சிலிகேட் வகைச் சிமெண்ட். விலை கூடுதல் என்றாலும், 7 ஆண்டுகள் நிற்க வேண்டிய பல்லுக்கு அந்தச் செலவு தகும்.

வேர்களுக்குள்ளும் கூழ் செத்துவிட்டால் முழு வேர்ச்சிகிச்சை. நிலைப்பல்லின் வேரை ரப்பர் போன்ற நிலையான பொருளால் நிரப்புவார்கள். பால்பல்லின் வேரோ தானே கரைந்து நிலைப்பல்லுக்கு வழிவிட வேண்டியது. ஆகவே அதோடு சேர்ந்து கரையும் பசையை, அயடோஃபார்மும் கால்சியம் ஹைட்ராக்சைடும் கலந்ததையோ துத்தநாக ஆக்சைடு வகையையோ, நிரப்புகிறார்கள். எலும்பு வெகுவாகக் கரைந்திருந்தாலோ, வேர் ஏற்கெனவே பாதி தேய்ந்திருந்தாலோ, பல்லில் உறையைத் தாங்கும் அளவு மிச்சம் இல்லாவிட்டாலோ பிடுங்குவதுதான் நல்ல வைத்தியம். அதற்குத் தயங்கக் கூடாது. ஆனால் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கியதும், பக்கத்துப் பல்லில் வளையம் மாட்டி வெற்றிடத்தைக் காக்கும் கம்பி தேவையா என்று அதே நாளில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முகம் வீங்கி, காய்ச்சலும் வந்தால் காத்திருக்கக் கூடாது. கண்ணை நோக்கியோ தாடைக்கு அடியிலோ பரவும் வீக்கம் அவசர நிலை. மருந்துக்கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுத்து வீக்கம் வடிந்ததும் மறந்துவிடுவது நம்மிடையே பரவலான, ஆபத்தான பழக்கம். தொற்றின் ஊற்று பல்லுக்குள் இருக்கும்வரை வீக்கம் திரும்பி வரும்.

முன்பற்களின் நிலை வேறு. கோரைப்பற்கள் முளைத்த பிறகு மேல் முன்பற்களை இழந்தால் இடம் அவ்வளவாகச் சுருங்குவதில்லை. அங்கே கவலை தோற்றமும் பேச்சும்தான். பல்லில் போதிய பகுதி மிச்சமிருந்தால், கண்ணாடி போன்ற மெல்லிய அச்சுக்குள் பல் நிறக் காம்போசிட் பிசினை நிரப்பி ஒளியால் இறுகவைத்து, அச்சை உரித்தெடுக்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஈறில் இரத்தம் கசிந்தால் ஒட்டாது, இரவில் பல் நறநறவென்று கடிக்கும் குழந்தைக்கு உடைந்துபோகும். வெள்ளை நிற சிர்கோனியா உறைகள் உறுதியானவை. ஆனால் அவற்றை எஃகைப்போல வளைத்துப் பொருத்த முடியாது என்பதால் பல்லைக் கூடுதலாக ராவ வேண்டும், செலவும் அதிகம். பின்பற்களுக்கும் வெள்ளை உறையே வேண்டும் என்று பெற்றோர் கேட்பது புரிந்துகொள்ளக்கூடியது. இருந்தாலும், நீண்ட காலச் சான்றும் குறைந்த ராவலும் எஃகின் பக்கம்தான் இருக்கின்றன.

2 வயதுக் குழந்தைக்கு இவற்றில் எதுவுமே நடைமுறையில் இயலாமல் போகலாம். அங்கே உதவுவது 38 சதவீத சில்வர் டையமைன் ஃபுளோரைடு. ஜப்பானில் ஏறக்குறைய 1970 முதல் பயன்பட்டுவரும் இந்தத் திரவத்தை உலக சுகாதார நிறுவனம் 2021-இல் அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. சிறு தூரிகையால் ஒரு நிமிடம் தடவினால் வெள்ளி பாக்டீரியாவைக் கொல்கிறது, ஃபுளோரைடு மெலிந்த பல்லை இறுக்குகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் தடவ வேண்டும். சொத்தை நிரந்தரமாகக் கறுத்துவிடும் என்பதே இதன் குறை. பெற்றோரின் ஒப்புதல் இல்லாமல் இதைத் தடவக் கூடாது. ஆயினும், மயக்க மருந்து கொடுக்கும் முடிவை ஓரிரு ஆண்டுகள் தள்ளிப்போட உதவுமானால், அந்தக் கறுப்பை ஏற்றுக்கொள்ளலாம் என்றே நான் பெற்றோருக்குச் சொல்வேன். குழந்தை வளர்ந்து ஒத்துழைக்கத் தொடங்கியதும் அதன்மேல் வெள்ளைச் சிமெண்ட் வைக்கலாம்.

பத்துப் பன்னிரண்டு பற்கள் கெட்டு, பலவற்றில் சீழும் இருந்தால், முழு மயக்கத்தில் எல்லாவற்றையும் ஒரே அமர்வில் முடிப்பது சரியான முடிவாகலாம். 3 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 3 மணி நேரத்துக்கு மேல் நீளும் அல்லது திரும்பத் திரும்பத் தரப்படும் மயக்க மருந்து மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2016-இல் எச்சரித்தது. ஒருமுறை குறுகிய நேரம் தரப்படும் மயக்கம் பற்றிய ஆய்வுகள் அத்தகைய பாதிப்பைக் காட்டவில்லை. ஆகவே, மயக்கத்தில் செய்யும்போது சந்தேகத்துக்குரிய பல்லைக் காப்பாற்றும் முயற்சியில் இறங்காமல், உறுதியான வழிகளையே மருத்துவர் தேர்வார்: அடைப்புக்குப் பதில் உறை, நிச்சயமற்ற வேர்ச்சிகிச்சைக்குப் பதில் பிடுங்குதல். மயக்க மருத்துவர் ஒருவர் தனியாக உடனிருக்கிறாரா, அவசரம் வந்தால் கையாளும் வசதி அங்கே இருக்கிறதா என்று கேட்பது பெற்றோரின் உரிமை.

எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் சீரமைப்புக்கு ஓர் எல்லை உண்டு. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் பகுதிகளில், சொத்தை உள்ள 3 முதல் 7 வயது வரையான ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடந்து 2020-இல் வெளியான ஃபிக்‌ஷன் ஆய்வு, குடைந்து அடைப்பது, மூடி வைப்பது, தடுப்பு நடவடிக்கை மட்டும் என்ற மூன்று வழிகளை ஒப்பிட்டது. ஏறத்தாழ 3 ஆண்டுகளில், மூன்று குழுக்களிலும் பத்தில் நான்கு குழந்தைகளுக்கு வலியோ தொற்றோ ஒருமுறையாவது வந்தது. குழுக்களிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஒரு பல்லுக்கு வைத்த உறை அந்தப் பல்லைக் காக்கிறது. அதே வாயில் அதே உணவும் அதே இரவுப் பாட்டிலும் தொடர்ந்தால் அடுத்த பல் கெடுகிறது.

அடுத்த பல் கெடாமல் தடுக்க உதவும் ஃபுளோரைடு பற்பசைக்குத் தமிழ்நாட்டில் குறுக்கே நிற்பது ஃபுளோரைடு பற்றிய அச்சம். தருமபுரி, கிருஷ்ணகிரி பகுதிகளில் நிலத்தடி நீரின் ஃபுளோரைடு பற்களையும் எலும்புகளையும் கெடுத்ததையும், அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததையும் அறிந்தவர்கள், குழந்தையின் பற்பசையில் ஃபுளோரைடு வேண்டாம் என்று நினைப்பதில் வியப்பில்லை. ஆனால் 1000 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கில் 1000 பங்கு ஃபுளோரைடு) உள்ள பற்பசையில் ஓர் அரிசி அளவு எடுத்தால் அதில் இருப்பது சுமார் 0.1 மில்லிகிராம் ஃபுளோரைடுதான். 3 வயது வரை அந்த அளவும், பிறகு 6 வயது வரை பட்டாணி அளவும் வைத்து, இரவு தூங்குமுன் பெரியவர் ஒருவரே துலக்கிவிட்டால், விழுங்கினாலும் பாதிப்பு வரும் அளவை எட்டாது. கிணற்று நீரில் ஃபுளோரைடு மிகுந்த ஊர்களில் மட்டும் மருத்துவரிடம் கேட்டு அளவை முடிவுசெய்யலாம். செலவுக்கு அஞ்சுவோர் ஒன்றை அறிய வேண்டும்: சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியில் குழந்தைகளுக்கான தனித் துறை இருக்கிறது; 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் பரிசோதனைப் பட்டியலில் பற்சொத்தையும் இடம்பெற்றிருக்கிறது. அங்கன்வாடிக்கோ பள்ளிக்கோ வரும் அந்தத் திட்டத்தின் பரிசோதனைக் குழுவிடம் குழந்தையின் வாயையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

சிகிச்சை முடிந்த குழந்தையை மூன்று அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது அவசியம். கூழ்ச்சிகிச்சை செய்த பல் வலியில்லாமலே உள்ளுக்குள் தோற்றுப்போகக்கூடும் என்பதால் அவ்வப்போது எக்ஸ்ரேயும் வேண்டும். 5 வயதிலிருந்து 7 வயது வரையான வருகைகளில் ஒரு கேள்வியைப் பெற்றோரே எழுப்பலாம்: இரண்டாம் பால்கடைவாய்ப்பல்லில் மாட்டிய எஃகு உறையின் பின்விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கிறதா? அப்படி இருந்தால் அதன் பின்னால் முளைத்துவரும் முதல் நிலைக் கடைவாய்ப்பல் அந்த விளிம்பில் சிக்கி நின்றுவிடக்கூடும். நேரத்தில் கண்டால் சரிசெய்துவிடலாம். அந்தப் பல் முழுதாக வெளிவந்ததும், அதன் பள்ளங்களைச் சொத்தை விழுமுன் பூசி அடைத்துவிட அதே மருத்துவரிடம் கேட்கலாம்.